பாரிஸ் இல்லை, ரென்: பிரிட்டனிக்குக் குடிவரும் ஒரு குடும்பத்துக்குப் பதில்

கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். மனைவிக்கு பிரான்சின் ரென் நகரில் மென்பொருள் வேலை கிடைத்திருக்கிறது, மூன்று வருட ஒப்பந்தம். அவரும் ஐந்து வயது மகளும் கூடவே வருகிறார்கள். மூவருக்கும் பிரெஞ்சு தெரியாது, வீட்டில் சைவம். "பாரிஸ் என்றால் யோசிக்காமல் கிளம்பியிருப்போம். பிரிட்டனி என்கிறார்களே, அங்கே வெளிநாட்டுக்காரர்கள் நிம்மதியாக இருக்க முடியுமா? விடுமுறை நாளில் ஊர் சுற்றிப் பார்க்க வழி உண்டா?" என்பது கேள்வி.

முடியும். சிறு குழந்தையோடு வருபவர்களுக்கு பாரிஸைவிட ரென் நல்லது என்றே சொல்வேன். வாடகை குறைவு, வீடு பெரியது, வேலைக்குப் போக ஒரு மணி நேரம் ரயிலில் நசுங்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: பிரெஞ்சு படித்தே ஆக வேண்டும். பாரிஸில் லா ஷப்பல் பக்கம் போனால் தமிழிலேயே மளிகை வாங்கலாம், முடி வெட்டிக்கொள்ளலாம், படிவம் நிரப்பித்தர ஆளும் கிடைக்கும். அங்கே பத்து வருடம் இருந்தும் 'போன்ஜூர்', 'மெர்சி' தாண்டாதவர்களை எனக்குத் தெரியும். ரென்னில் அப்படி ஒரு தமிழ்த் தெரு இல்லை. அலுவலகத்துக்குள் ஆங்கிலம் ஓடும், உங்கள் மனைவிக்குச் சிரமம் தெரியாது. மேரிக்கும் (நகராட்சி அலுவலகம்) டாக்டரிடமும் பள்ளிக்கூட வாசலுக்கும் போகப்போவது நீங்கள். அதனால் மொழி அவரைவிட உங்களுக்குத்தான் அவசரம்.

ஊர் எங்கே இருக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பிரான்சின் வடமேற்கில் அட்லாண்டிக்குக்குள் மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும் நிலப்பகுதிதான் பிரிட்டனி, பிரெஞ்சில் ப்ரத்தாஞ். 1532 வரை தனி நாடாக, ஒரு பிரபுவின் ஆட்சியில் இருந்தது. இன்றும் அந்தக் கறுப்பு வெள்ளைக் கொடியை வீட்டு ஜன்னலிலும் கார் பின்னாலும் பார்ப்பீர்கள். இன்றைய நிர்வாகக் கணக்கில் நான்கு மாவட்டங்கள், தலைநகர் ரென். பிரபுக்களின் கோட்டை இருக்கும் நான்த் நகரம் இந்த எல்லைக்கு வெளியே போய்விட்டது. அதைப் பற்றி இங்கே யாரிடமாவது பேச்செடுத்தால் அரை மணி நேரம் ஓடிவிடும், சும்மா தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2017-ல் அதிவேக ரயில் பாதை திறந்த பிறகு பாரிஸ் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து ரென் ஒன்றரை மணி நேரம்தான். நகரத்துக்குள் ஓட்டுநர் இல்லாத மெட்ரோ இரண்டு தடங்கள், முதலாவது 2002-ல் வந்தது, இரண்டாவது 2022-ல். நகருக்குள் வாழ கார் தேவையே இல்லை.

இப்போது காகிதங்கள். இதைத்தான் நிதானமாகப் படிக்கச் சொல்வேன், ஏனென்றால் பாதி வேலையை நீங்கள் கோவையிலேயே முடிக்க வேண்டும்.

முதல் சிக்கல் நம்முடைய பெயர். பிரெஞ்சுப் படிவம் எதை எடுத்தாலும் குடும்பப் பெயர் ஒரு கட்டம், சொந்தப் பெயர் ஒரு கட்டம். இனிஷியல் என்ற ஒன்று அவர்கள் உலகத்திலேயே கிடையாது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் வங்கி ஒரு மாதிரி எழுதும், காப்பீட்டு அலுவலகம் வேறு மாதிரி எழுதும், கடைசியில் கணினியில் நீங்கள் இரண்டு ஆட்களாக இருப்பீர்கள். அதைச் சரிசெய்ய மாதக்கணக்கில் கடிதம் எழுத வேண்டும். விசாவுக்கு விண்ணப்பிப்பதற்கு முன்பே அப்பா பெயரையோ இனிஷியலின் விரிவையோ குடும்பப் பெயராகப் போட்டு பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிடுங்கள். மகளுக்கும் அப்படியே. பிறப்புச் சான்றிதழிலும் பாஸ்போர்ட்டிலும் எழுத்துக்கு எழுத்து ஒரே பெயர் இருக்க வேண்டும்.

இரண்டாவது, மூவரின் பிறப்புச் சான்றிதழும் உங்கள் திருமணப் பதிவுச் சான்றிதழும். பெற்றோர் பெயர் இருக்கும் முழுப் பிரதி வேண்டும். நம் சான்றிதழ் அசல்தான் என்று வெளிநாட்டுக்கு உறுதிசெய்யும், வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரையை இந்தியாவிலேயே வாங்கிவிடுங்கள். பிரெஞ்சு மொழிபெயர்ப்பை மட்டும் இங்கே வந்து, நீதிமன்றப் பட்டியலில் உள்ள மொழிபெயர்ப்பாளரிடம் செய்துகொள்ளலாம். அப்போதுதான் எந்த அலுவலகமும் மறுபேச்சு பேசாது. மகளின் தடுப்பூசி அட்டையை மறக்கவே கூடாது, பள்ளியில் முதல் கேள்வியே அதுதான்.

மூன்றாவது, விசா ஒட்டும் பக்கத்தில் உள்ள சின்ன எழுத்து. மனைவியின் விசா எந்த வகை என்று நிறுவனத்திடம் தெளிவாகக் கேளுங்கள். 'தலான்' எனப்படும் திறன் வகை என்றால் உங்களுக்கு அதே வகையின் குடும்ப அனுமதி கிடைக்கும். அதோடு நீங்களும் இங்கே வேலை பார்க்கலாம். சாதாரண ஊழியர் வகை என்றால் கதை வேறு: குடும்பத்தை அழைக்க, அவர் இங்கே பதினெட்டு மாதம் சட்டப்படி வசித்திருக்க வேண்டும், போதிய வருமானமும் வீட்டளவும் காட்ட வேண்டும். மூன்று வருட ஒப்பந்தத்தில் பாதி அதிலேயே போய்விடும். அதனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் இந்த ஒரு கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். நீண்டகால திறன் விசாவில், வந்த இரண்டு மாதத்துக்குள் வதிவிட அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். ஒரு வருட விசா என்றால் மூன்று மாதத்துக்குள் இணையத்தில் அதைச் செல்லுபடியாக்க வேண்டும். இரண்டில் எது என்று விசாவைப் பார்த்தாலே தெரியும். தேதி தவறினால் சமாதானம் சொல்லிப் பயனில்லை.

புதுப்பிக்கும்போது, அட்டை முடிவதற்கு நான்கு மாதத்திலிருந்து இரண்டு மாதத்துக்குள் இணையத்தில் விண்ணப்பம் போட வேண்டும். மாவட்ட நிர்வாக அலுவலகமான ப்ரெஃபெக்சூரின் பதில் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த இடைவெளியில் ஊருக்கு டிக்கெட் போடுவதாக இருந்தால், கையில் உள்ள தற்காலிகத் தாளில் திரும்பி வர அனுமதி உண்டா என்று படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள். விமான நிலையத்தில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இல்லை அது.

ஒரு ஃபைல் போட்டு, சம்பளச் சீட்டு, மின்கட்டண ரசீது, வாடகை ரசீது, வரி அறிக்கை எதையும் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். முகவரி நிரூபிக்க மின்கட்டண ரசீதுதான் பிரான்சில் ஆதார் கார்டு.

வீடு தேடுவது ரென்னில் லேசுப்பட்ட காரியம் இல்லை. மாணவர்கள் அதிகம் உள்ள ஊர், ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் ஒரு வீட்டுக்கு இருபது பேர் நிற்பார்கள். முடிந்தால் ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் நடுவில் தேடுங்கள். வாடகையைப் போல மூன்று மடங்கு சம்பளம், நிரந்தர வேலை, உத்தரவாதம் கொடுக்க பிரான்சில் ஓர் ஆள்: வீட்டுக்காரர் எதிர்பார்ப்பது இது. உத்தரவாதத்துக்கு ஆளில்லாதவர்களுக்கு 'விசால்' என்று ஓர் இலவச ஏற்பாடு இருக்கிறது. உங்கள் மனைவிக்குத் தகுதி உண்டா என்று அவர்கள் தளத்திலேயே பார்க்கலாம். அதைவிடச் சுலபம், முதல் இரண்டு மூன்று மாதத்துக்கு நிறுவனத்தையே தங்குமிடம் கேட்பது. தளவாடம் இல்லாத வீட்டுக்கு ஒரு மாத வாடகை முன்பணம், தளவாடத்தோடு என்றால் இரண்டு மாதம் வரை கேட்கலாம். நம் ஊர் போலப் பத்து மாத அட்வான்ஸ் கிடையாது. ஆனால் வீட்டைப் பார்க்காமல், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமல் யாராவது பணம் அனுப்பச் சொன்னால் அது மோசடி. சந்தேகமே வேண்டாம். குடியேறும் அன்று சுவர்க் கீறல், குழாய்க் கசிவு ஒன்று விடாமல் எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். அந்தத் தாளில் எழுதாத கீறலுக்கு, காலி செய்யும்போது உங்கள் முன்பணத்தில் கழிப்பார்கள். ஆகவே மரியாதைக்காகச் சும்மா இருக்காதீர்கள், ஒவ்வொன்றையும் காட்டிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மெட்ரோ நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் வீடு பாருங்கள், எந்தத் தடம் என்பது முக்கியமில்லை. மென்பொருள், தொலைத்தொடர்பு நிறுவனங்கள் பல கிழக்கே செசோன் செவின்யே பக்கம் இருக்கின்றன, இரண்டாவது தடம் அங்கே போகிறது.

மருத்துவம் பற்றிப் பயப்பட வேண்டாம். வேலையில் சேர்ந்ததும் மனைவிக்கு அரசுக் காப்பீடு தொடங்கும். அரசு தராத மீதித் தொகைக்கு நிறுவனம் ஒரு துணைக் காப்பீடு கட்டாயம் கொடுக்க வேண்டும், பிரீமியத்தில் பாதியாவது அவர்கள் கட்டுவார்கள். உங்களையும் மகளையும் அதில் சேர்க்க முடியுமா என்று முதல் வாரமே கேளுங்கள். சாதாரண டாக்டருக்கு 30 யூரோ. குடும்ப டாக்டர் என்று ஒருவரைப் பதிவு செய்திருந்தால் அதில் 70 சதவீதத்தை அடிப்படையாக வைத்து அரசு திருப்பித் தரும், பதியாவிட்டால் 30 சதவீதம்தான். சிக்கல், புது நோயாளியைச் சேர்த்துக்கொள்ளும் டாக்டர் கிடைப்பதில்தான். ரென்னில் தேடினால் கிடைப்பார். பிரிட்டனியின் நடுப்பகுதியில், சின்ன ஊர்களில், அதுவும் கஷ்டம். ரென்னை விட்டுத் தள்ளி கிராமத்தில் தோட்டத்தோடு மலிவாக வீடு கிடைக்கிறது என்று யாராவது ஆசை காட்டினால் முதலில் டாக்டரும் பேருந்தும் எங்கே என்று கேளுங்கள். அவசரத்துக்கு 15 ஆம்புலன்ஸ், 112 எல்லாவற்றுக்கும் பொது.

சரி, மனிதர்கள். வெளிநாட்டுக்காரர்களை எப்படி நடத்துவார்கள் என்பதுதான் உங்கள் கேள்வியின் உள்ளே இருந்த பயம் என்று நினைக்கிறேன்.

ஒளிக்காமல் சொல்கிறேன். வீடு தேடும்போது தொலைபேசியில் உச்சரிப்பைக் கேட்டதும் "ஏற்கெனவே போய்விட்டது" என்ற பதில் எனக்கும் வந்திருக்கிறது. அலுவலக ஜன்னலில் முகம் சுளிப்பவர்களும் உண்டு. ஆனால் தெருவில், பேருந்தில், கடையில் தினசரி வாழ்க்கையில் மரியாதைக் குறைவை நான் அதிகம் பார்த்ததில்லை. இங்கே மரியாதையின் முதல் விதி போன்ஜூர். கடைக்குள் நுழைந்ததும், பேருந்து ஓட்டுநரிடம், லிஃப்டில், டாக்டர் காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட வேண்டும். நம் பழக்கத்தில் நேராக "இது என்ன விலை?" என்று கேட்பது இவர்கள் காதில் அதட்டல் போல விழும். பிரெஞ்சுக்காரர்கள் சிடுசிடுப்பவர்கள் என்று சுற்றுலா வருபவர்கள் சொல்வதில் பாதி இந்த ஒரு வணக்கத்தை விழுங்கியதால் வந்தது என்பது என் கணிப்பு.

பழக நாள் பிடிக்கும். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வருடம் வணக்கத்தோடு நிறுத்திக்கொள்வார். அப்புறம் திடீரென்று ஒரு மாலை வீட்டுக்குக் கூப்பிடுவார். கூப்பிட்ட பிறகு உறவு நிலைக்கும். அதை விரைவுபடுத்த ஒரே வழி சங்கங்கள். பிரான்சில் எதற்கெடுத்தாலும் ஒரு சங்கம் இருக்கும்; பிரிட்டனியில் இன்னும் அதிகம். தோட்டம், நடை, தையல், படகு, பாட்டு, பள்ளிப் பெற்றோர் என்று செப்டம்பர் தொடக்கத்தில் எல்லாச் சங்கங்களும் ஒரே இடத்தில் மேசை போட்டு ஆள் சேர்ப்பார்கள். ஒன்றில் சேர்ந்துவிடுங்கள். 'ஃபெஸ்ட் நோஸ்' என்ற இரவு நடனத்துக்குக் கட்டாயம் போய்ப் பாருங்கள். 2012-ல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்ந்தது. விரல் கோத்து வட்டமாக ஆடுவார்கள், நடுவில் ஒரு வெளியாள் நுழைந்தால் கையை விலக்காமல் கூட்டமே அடவு சொல்லிக்கொடுக்கும்.

பிரெஞ்சு படிக்க ரென் இரண்டாம் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டவருக்கான மையம் இருக்கிறது, தீவிர வகுப்பு, கட்டணம் உண்டு. பேட்டைகளில் உள்ள சமூக நிலையங்களில் தன்னார்வலர்கள் மிகக் குறைந்த கட்டணத்தில் நடத்தும் வகுப்பும் உண்டு, ஆனால் இடம் நிரம்பிவிடும். வருவதற்கு முன் கோவையிலேயே ஏ1 நிலை (ஐரோப்பிய மொழி அளவுகோலில் முதல் படி) முடித்துவிட்டு வந்தால் முதல் ஆறு மாதத்தின் பாரம் பாதியாகும். 2026 முதல் சட்டமும் கறாராகிவிட்டது. திறன் வகைக்கு வெளியே பலவருட அட்டை வேண்டுமென்றால் அதே அளவுகோலில் அடுத்த படியான ஏ2, பத்து வருட அட்டைக்கு பி1, குடியுரிமைக்கு பி2. மூன்று வருடம்தான் என்று எல்லோரும் வருகிறோம், அப்புறம் குழந்தை பள்ளியில் ஊன்றிவிடும். அதையும் மனதில் வைத்துப் படியுங்கள்.

பெயர்ப் பலகைகளில் இரண்டு மொழி பார்த்துக் குழம்ப வேண்டாம். பிரெஞ்சுக்குக் கீழே இருப்பது பிரிட்டனியின் சொந்த மொழியான பிரெத்தோன், வெல்ஷ் மொழிக்கு உறவான கெல்டிக் மொழி. பள்ளியில் அந்த மொழி பேசினால் தண்டனை என்றிருந்த காலம் போய், 1977-ல் தொடங்கிய திவான் பள்ளிகள் இப்போது பாடத்தையே அதில் நடத்துகின்றன. நீங்கள் அதைக் கற்க அவசியமில்லை. ஆனால் தமிழ்நாட்டுக்காரர் என்று சொல்லி, மத்திய அரசு, தாய்மொழி என்று பேச்சை எடுத்தால் ஒரு பிரெத்தோன்காரர் உங்களை விடமாட்டார். வயதானவர்களிடம் "பாண்டிச்சேரிக்குப் பக்கம்" என்று சொன்னால் போதும். பாண்டிச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், சந்தர்நாகூர் என்று பள்ளியில் மனப்பாடம் செய்ததை அப்படியே ஒப்பிப்பார்கள்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் நினைப்பதைவிடக் கவலை குறைவு. பிரிட்டனியின் அன்றாட உணவு கலெத்; கறுப்புக் கோதுமை என்று இவர்கள் சொல்லும் தானியத்தின் மாவு, தண்ணீர், உப்பு, அவ்வளவுதான். பெரிய வட்டக்கல்லில் மெல்லிசாக இழுத்து வார்ப்பதைப் பார்த்தால் ரோஸ்ட் போடுகிறார்கள் என்றே தோன்றும். முட்டை, சீஸ், காளான், கீரை என்று உள்ளே வைத்து மடிப்பார்கள். சைவர்கள் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். 'கொம்ப்லேத்' என்று பட்டியலில் இருப்பதில் பன்றி இறைச்சி இருக்கும். இரண்டாவது, பழைய பாணிக் கடைகளில் கல்லுக்குப் பன்றிக் கொழுப்பு தடவுவார்கள். வெண்ணெய் போதும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். வெண்ணெய் இங்கே எப்போதும் உப்பு போட்டதுதான்.

சனிக்கிழமை காலை பிளாஸ் தே லீஸ் சந்தைக்குப் போங்கள், பிரான்சின் மிகப் பெரிய காய்கறிச் சந்தைகளில் ஒன்று. மதியம் கடை கட்டும் நேரத்தில் விலை இறங்கும். பருப்பு, மசாலா எல்லாம் ஆசிய, வட ஆப்பிரிக்கக் கடைகளில் கிடைக்கிறது. கறிவேப்பிலை, இட்லி அரிசி, முழு உளுந்துக்கு பாரிஸ் போகும்போது மோன்பர்னாஸில் இறங்கி நான்காம் எண் மெட்ரோவில் கார் து நோர் போனால் லா ஷப்பல் நடக்கும் தூரம், ஒரு பெட்டி நிறைய வாங்கி வந்துவிடலாம். உணவகங்கள் மதியம் 12-லிருந்து 2 வரை, இரவு 7-லிருந்து 9 சொச்சம் வரைதான் சமைப்பார்கள். மூன்று மணிக்குப் பசித்தால் பேக்கரிதான் கதி. ஞாயிறு மதியம் ஊர் மூடிக்கிடக்கும், திங்கட்கிழமையும் பல சின்னக் கடைகள் திறக்காது.

மழைதான் பிரிட்டனி என்று பாரிஸ்காரர்கள் கேலி செய்வார்கள். ரென்னில் வருடத்துக்குச் சுமார் 700 மில்லிமீட்டர் பெய்கிறது, சென்னையில் அதைப் போல இரண்டு மடங்கு. வித்தியாசம், இங்கே அது வருடம் முழுக்கத் தூறித் தூறித் தீரும். குடையைக் காற்று திருப்பிவிடும், தொப்பி வைத்த மழைக்கோட்டு வாங்குங்கள். மழையைவிட வெளிச்சமின்மைதான் நம்மை ஆட்டும். டிசம்பரில் காலை ஒன்பது மணிவாக்கில்தான் சூரியன் எழும். ஜூனில் இரவு பத்து வரை வெளிச்சம், குழந்தையைத் தூங்கவைப்பது பெரும்பாடு.

இனி ஊர் சுற்றல். ரென்னில் இருந்துகொண்டு கார் இல்லாமல் எவ்வளவோ பார்க்கலாம். சேன் மாலோ ஒரு மணி நேரத்துக்குள், வான், லோரியான், கெம்பேர், பிரெஸ்ட் எல்லாம் நேர் ரயில். மண்டல ரயில், பேருந்து இரண்டும் 'பிரேஸ்கோ' என்ற பெயரில் ஓடுகின்றன. அதிவேக ரயிலுக்கு முன்கூட்டியே எடுத்தால் விலை பாதி. 49 யூரோவுக்கு வருடச் சலுகை அட்டை ஒன்று இருக்கிறது, குடும்பமாகப் பயணம் செய்பவர்களுக்கு இரண்டு பயணத்தில் காசு திரும்பிவிடும். ஆனால் ரயில் நின்ற இடத்திலிருந்து கடற்கரை வரை போகும் பேருந்துதான் தகராறு. கோடையில் ஓடும், மற்ற மாதத்தில் ஞாயிற்றுக்கிழமை ஒன்றுகூட இல்லாமல் போகும். போகும் பேருந்தைவிடத் திரும்பும் பேருந்தை முதலில் பாருங்கள். மேற்கே தூரத்து முனைகளுக்கு ஒரு நீண்ட வார இறுதியில் காரை வாடகைக்கு எடுப்பதுதான் புத்திசாலித்தனம். பிரிட்டனி சாலைகளில் சுங்கக் கட்டணமே இல்லை. நம் ஓட்டுநர் உரிமம் வதிவிட அனுமதி தொடங்கியதிலிருந்து ஒரு வருடத்துக்குத்தான் செல்லும், மொழிபெயர்ப்போ சர்வதேச உரிமமோ கூட இருக்க வேண்டும். பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வரும் வண்டிக்கு வழிவிட வேண்டும், அது ஒரு சந்திலிருந்து வந்தாலும். இந்த விதியில் பழகாதவர்கள்தான் இடித்துக்கொள்கிறார்கள்.

கடலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நம் மெரினா அலையை வைத்து இந்தக் கடலைக் கணக்கிடாதீர்கள். சேன் மாலோ விரிகுடாவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் பெரிய நாட்களில் 12 மீட்டரைத் தாண்டும், ஐரோப்பாவிலேயே மிக அதிகமானவற்றில் ஒன்று. அந்த விசையை நம்பித்தான் பக்கத்தில் ரான்ஸ் ஆற்று முகத்தில் 1966-லேயே 240 மெகாவாட் ஓத (கடல் ஏற்ற வற்ற) மின்நிலையம் கட்டினார்கள். சேன் மாலோ மதிலுக்கு எதிரே உள்ள கிரான் பே தீவுக்குத் தண்ணீர் வற்றியபோது நடந்தே போகலாம். நேரம் பார்க்காமல் போனவர்கள் பாதை மூழ்கி அங்கேயே ஆறு மணி நேரம் உட்கார வேண்டியதுதான். சுற்றுலா அலுவலகத்தில் ஓத அட்டவணை இலவசம். அதில் நேரத்தோடு 20-லிருந்து 120 வரை ஓர் எண் இருக்கும், 100-ஐத் தாண்டினால் நீர் வெகு வேகமாக ஏறும். கடலில் அவசரம் என்றால் 196.

சேன் மாலோவில் நமக்கு ஒரு கணக்கும் இருக்கிறது. 1746-ல் ஆங்கிலேயரிடமிருந்து சென்னைக் கோட்டையைப் பிடித்த லா பூர்தொனே 1699-ல் பிறந்தது இந்த ஊரில்தான். நீங்கள் நடக்கும் மதில் நகரம் பெரும்பகுதி 1944 குண்டுவீச்சில் எரிந்து, பழைய சாயலில் திருப்பிக் கட்டியது. அதைவிட நமக்கு நெருக்கம் லோரியான். பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக 1666-ல் கப்பல் கட்ட எழுந்த ஊர், பேரே 'கிழக்கு'. துறைமுகத்திலிருந்து சின்னப் படகில் போர் லூயி கோட்டைக்குப் போனால் கம்பெனி அருங்காட்சியகம். பாண்டிச்சேரி வணிகமும் சோழமண்டலக் கரையின் துணிகளும் எப்படி இங்கே வந்து இறங்கின என்று பார்க்கலாம். சுற்றுலாக்காரர்கள் அதிகம் போகாத இடம், நான் யார் வந்தாலும் முதலில் அங்கேதான் கூட்டிப்போவேன்.

கர்னாக் நடுகல் வரிசைகள் 2025-ல் உலக மரபுச் சின்னமாயின, மூவாயிரத்துக்குப் பக்கத்தில் கற்கள். ரயில் நேராகப் போகாது, ஓரேயில் இறங்கிப் பேருந்து. மோன் சேன் மிஷெலுக்கு ரென் பேருந்து நிலையத்திலிருந்தே வண்டி உண்டு; அது நார்மண்டிக்குள் இருக்கிறது என்பதை மட்டும் பிரெத்தோன்காரரிடம் அழுத்திச் சொல்லாதீர்கள். நடக்கப் பிடிக்கும் என்றால் கரையோரமாகவே 2,000 கிலோமீட்டர் சொச்சம் போகும் ஜி.ஆர்.34 பாதையில் எந்த இடத்தில் வேண்டுமானாலும் இறங்கி இரண்டு மணி நேரம் நடந்து அடுத்த ஊரில் ஏறலாம். உங்கள் மனைவி தொலைத்தொடர்புத் துறை என்றால் லான்னியோன் பக்கம் ப்ளமோர் போதூவில் பெரிய வெள்ளைக் குவிமாடம் ஒன்று நிற்கிறது, 1962-ல் டெல்ஸ்டார் செயற்கைக்கோள் வழியாக அமெரிக்கத் தொலைக்காட்சிப் படம் வந்து இறங்கிய இடம்.

சேன் மாலோவிலும் ரோஸ்கோஃபிலும் கப்பல் நிற்பதைப் பார்த்து ஜெர்சி தீவுக்கோ இங்கிலாந்துக்கோ ஒரு நாள் போய்வரலாம் என்று தோன்றும். இந்திய பாஸ்போர்ட்டுக்கு அதற்குத் தனி பிரிட்டிஷ் விசா வேண்டும், பிரெஞ்சு அட்டை போதாது. ஸ்பெயின், இத்தாலி போன்ற ஷெங்கன் நாடுகளுக்கு அந்த அட்டையும் பாஸ்போர்ட்டும் இருந்தால் 180 நாளில் 90 நாள் வரை சுற்றிவரலாம்.

கடைசியாக மகளின் பள்ளி. பிரான்சில் மூன்று வயதிலிருந்தே பள்ளி கட்டாயம், அரசுப் பள்ளியில் கட்டணம் இல்லை, இடம் இல்லை என்று திருப்பி அனுப்பவும் முடியாது. வகுப்பு, பிறந்த ஆண்டை வைத்து முடிவாகும். முதலில் மேரியில் பதிந்து, அவர்கள் ஒதுக்கும் பள்ளியில் தலைமையாசிரியரைப் பார்க்க வேண்டும். கான்டீனில் வாரம் ஒரு சைவ மெனு சட்டப்படி உண்டு, மற்ற நாட்களுக்கு இறைச்சி இல்லாத தட்டு கிடைக்குமா என்று பதியும்போதே கேளுங்கள். மொழிக்காக அவளைப் பற்றிக் கவலையே வேண்டாம், ஒரு வருடத்தில் வீட்டுக்கு வரும் கடிதங்களை உங்களுக்குப் படித்துச் சொல்வாள். பதிவு வேலை வசந்த காலத்திலேயே தொடங்கிவிடும். ஆகஸ்டில் பள்ளிகளில் ஆள் இருக்கமாட்டார்கள். செப்டம்பரில் சேர்ப்பதாக இருந்தால், முகவரி கிடைத்த மறுநாளே மேரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்.